நடுங்கும் பேனாவும் முரசுமோட்டைத் தண்ணீரும்

போன மாதம் மகள் என்னைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சுக்குள் என்னவோ அடைக்கிறது என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சிலும் கையிலும் காலிலும் வயர் கொழுவினார்கள். ஊரெல்லாம் வயர் கொழுவித் திரிந்தவன் நான். எனக்கே கொழுவுகிறார்களே என்று சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயா, சிரிக்காதேங்கோ. கோடு ஆடுது,” என்றாள் மெசினுக்குப் பொறுப்பான பிள்ளை.

கட்டம் போட்ட தாள் ஒன்று பெட்டியின் வாயிலிருந்து நீண்டு வந்தது. என் இதயம் அதில் மேடும் பள்ளமுமாக நடந்து போனது. நடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேறு யோசனை.

“பிள்ளை, மேலே ஃபேன் ஓடுது. சுவருக்குள்ளால கரண்ட் போகுது. அந்த இரைச்சல் இந்தக் கோட்டில ஏறாதோ?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஐயா என்ன எஞ்சினியரோ?”

“அஞ்சாம் வகுப்பு,” என்றேன். மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் இந்த மெசினே வடிகட்டிப் போடும் ஐயா,” என்று சொல்லித் தாளைக் கிழித்து எடுத்தாள்.

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! ஒரு கோட்டிலிருந்து இரைச்சலை வடிகட்ட நானும் சிவமலர் மிஸ்ஸும் ஒரு காலத்தில் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஞாபகம்தான். அதை உங்களுக்குச் சொல்லாவிட்டால் நெஞ்சு உண்மையிலேயே அடைத்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுச் செட்டிகுளத்துக்கு வந்து காடு வெட்டியவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் மரம் ஏறத் தெரியும். வவுனியாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவரிடம், பனையில் ஏறி ஹோர்ன் குழாய் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்களுக்குள் அந்த முதலாளியே திருவிழாக் காலத்தில் என்னிடம் அம்பிளிஃபயர் இரவல் கேட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘தோட்டத்தான்’ என்று வாய்க்குள் முணுமுணுத்த பெரிய வீட்டுக்காரர்களும் மகளுக்குக் கலியாணம் என்றால் முதலில் என் வாசல் படலைக்குத்தான் வருவார்கள். நான் கட்டிய ஹோர்ன் பாடினால் மூன்று ஊருக்குக் கேட்கும். நாலு என்று சொல்லுகிறவர்களும் உண்டு, நான் மறுப்பதில்லை.

ஒலிபெருக்கிக்காரனுக்குப் பெரிய எதிரி மழை இல்லை. உறுமல். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைக்க முன்னமே ஹோர்னுக்குள்ளால் ‘ம்ம்ம்’ என்று ஒன்று வரும், பசித்த மாடு மாதிரி. சத்தத்தைக் கூட்டினால் அதுவும் சேர்ந்து கூடும். பாட்டு எது, உறுமல் எது என்று அம்பிளிஃபயருக்குத் தெரியாது. உள்ளே போனது எல்லாவற்றையும் ஊதிப் பெருப்பித்துவிடும். சில மனிதர்களும் அப்படித்தான். என்னைச் சொல்லவில்லை.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய காலம் அது. கிளிநொச்சியில் கரண்ட் இல்லை. கூரை போன ஒரு கட்டடத்துக்குப் புதுத் தகரம் போட்டு, வெளிநாட்டு உதவியில் தண்ணீர் பரிசோதிக்கிற சின்ன ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். என் ஜெனரேற்றரை வாடகைக்குக் கேட்டார்கள். அதை மற்றவன் கையில் நான் கொடுப்பதில்லை என்பதால் ஜெனரேற்றரோடு நானும் போனேன். ஸ்பிரிட் வாசம், சூடேறிய ரப்பர் வாசம், வாசல் பக்கம் என் டீசல் புகை. இன்றைக்கும் எங்காவது ஊசி போட முன்னம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் எனக்கு வலி தெரிவதில்லை. அந்தக் கட்டடத்துக்குள் போய்விடுவேன்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு சிவமலர் மிஸ். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவர், வயதில் எனக்குப் பிள்ளை மாதிரி. சிரிப்புக் குறைவு, பொறுமை கடலளவு. அவருடைய பெரிய மெசின் வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்தது. எனக்கு அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்லுகிறேன். தண்ணீரில் கலந்திருப்பதை ஆவியாக்கி, ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் விடுவார்கள். மண்ணெண்ணெய் என்றால் ஒரு நேரத்தில் வெளியே வரும், வேறு மருந்து என்றால் வேறு நேரத்தில் வரும். ஒவ்வொன்றும் வருகிறபோது உள்ளே எரிகிற சின்னச் சுடரில் பட்டு, துளியளவு கரண்ட் உண்டாகும். அந்தத் துளியைப் பெருப்பித்தால், ஓடுகிற தாளில் ஒரு பேனா மேலே எழும்பி மேடு ஒன்றைக் கீறும்.

“அப்ப இதுக்குள்ளயும் அம்பிளிஃபயர் கிடக்கு?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை, கிடக்கு.”

அன்றிலிருந்து அந்த மெசின் எனக்குச் சொந்தக்காரன்.

பிரச்சினை என்னவென்றால், பேனா ஒரு நிமிடம் சும்மா நிற்காது. குளிர்காய்ச்சல்காரன் கையெழுத்துப் போட்டது மாதிரி நடுங்கிக்கொண்டே ஓடும். அழுக்கு நிறைய உள்ள தண்ணீர் என்றால் பரவாயில்லை, மேடு நடுக்கத்துக்கு மேலாலே தலை காட்டும். கொஞ்சமாக இருந்தால் நடுக்கத்துக்குள் மூழ்கிவிடும். இருக்கிறதா, இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாது.

அப்படிச் சத்தியம் பண்ண முடியாமல் கிடந்ததுதான் முரசுமோட்டைப் பூரணம் அக்காவின் தண்ணீர்.

அக்கா திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய வளவில் வீடு இல்லை. வேலி இல்லை. படலையில் நின்ற வேம்பு இல்லை. வீட்டுக்குப் போகிற ஒழுங்கையே இடம் மாறிக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்துப் பள்ளத்தில் துருப்பிடித்த இரும்புப் பரல்கள், எண்ணெய்ப் பீப்பாய் மாதிரி, சில கிடந்தன. உள்ளே என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. பார்க்க வந்த அதிகாரிகள் கிணற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் சுத்தம் என்று ஆய்வுகூடம் சொன்னால் குறி அழியும். இல்லையென்றால் மாரி மழை தொடங்க முன்னம் கிணற்றை மூடிவிடுவார்கள்.

அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வருவார். மிஸ்ஸுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று வாசலில், என் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், கதிரை போட்டு இருந்துவிடுவார். அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தித்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது.

“புதுக் கிணறு வெட்டித் தருவினம்தானே அக்கா? ஏன் இந்தக் கிணத்துக்கு இப்பிடி அலையிறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வெட்டித் தருவினம். ஆனா அது அவர் வெட்டின கிணறில்லையே.”

அக்காவைக் கட்டிய மனுசன் சண்டையின் கடைசி நாட்களில் சனக் கூட்டத்துக்குள் பிரிந்துபோனவர். பிறகு தகவல் இல்லை. அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவர் வந்தா என்னத்தை வைச்சு வீட்டைக் கண்டுபிடிப்பார்? தன்ர கிணறெண்டா தெரியும். கட்டில கை வைச்சுப் பாத்தே சொல்லுவார்.”

நான் வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அன்றைக்கு எழும்பிப் போய் டீசல் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைய இருந்தது.

அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. இன்னொரு நாள் என் ஜெனரேற்றரைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, உம்மட இந்த எருமை இப்பிடிக் கத்தினா, என்ர தண்ணி சொல்லுறது அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு கேக்கும்?”

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். உள்ளே போய் மிஸ்ஸுக்கும் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை.

“அவா சொல்லுறது சரிதான் அண்ணை. கரண்டோட சேர்ந்து ஏதோ ஏறுதெண்டு எனக்கும் சந்தேகம். எங்கையிருந்து ஏறுதெண்டுதான் பிடிபடேல்லை.”

உறுமல்! என் வாழ்நாள் எதிரி. மிஸ் நடுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் முப்பது வருடமாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த நாளே வேலையில் இறங்கினேன். ஜெனரேற்றரைக் கட்டடத்துக்குப் பின்னால் இழுத்துப் போய்ப் புளியமரத்தடியில் வைத்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கும் மெசினுக்கும் ஒரே வயரில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, பிரித்தேன். மெசினுக்குத் தனியாக ஏர்த் அடித்தேன். ஆழமாகக் குழி வெட்டி, செப்புக்கம்பி இறக்கி, சுற்றிவரக் கரியும் உப்பும் போட்டு, ஈரம் காயாமல் தினமும் ஒரு வாளி தண்ணீர். கோயில் திருவிழாக்களில் நான் செய்கிற அதே வைத்தியம். “இதென்ன, அம்மியும் குழவியும் மட்டும்தான் குறையுது,” என்று மிஸ் பகிடி பண்ணினார். அவர் பண்ணிய முதல் பகிடி.

பேனா பாதி அடங்கியது. மீதி நடுக்கம் அடங்கவில்லை. அது கரண்டால் வருவது இல்லையாம். சுடருக்கும் மெசினுக்கும் உள்ள பிறவிக் குணமாம். அதற்கு மிஸ் தன் வைத்தியத்தைக் காட்டினார். அக்கா போத்தலில் நிரப்பிக் கொண்டுவந்த ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப மெசினுக்குள் விட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு தாள். பிறகு எல்லாத் தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வெயில் அடிக்கிற யன்னல் கண்ணாடியில் பிடித்தார்.

“பாருங்கோ அண்ணை. நடுக்கம் ஒவ்வொரு தாளிலயும் ஒவ்வொரு இடத்தில. ஒண்டை ஒண்டு அடிச்சுப்போடும். உண்மையா இருக்கிறது மட்டும் எல்லாத்திலயும் ஒரே இடத்தில நிக்கும்.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. “திருவிழாச் சனம் மாதிரி மிஸ்! ஆளுக்கொரு கதை கதைச்சா வெறும் இரைச்சல். எல்லாரும் ஒரே நேரத்தில அரோகரா எண்டா அடுத்த ஊருக்கும் கேக்கும்!”

“ஓம், அதுதான். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ அண்ணை, பேனா ஆடுது.”

ஆனால் அந்தக் கண்ணாடியில் அரோகரா கேட்டது. சின்ன மேடு ஒன்று, குழந்தையின் முதல் பல் மாதிரி, எல்லாத் தாளிலும் அசையாமல் ஒரே இடத்தில். மிஸ்ஸின் கை கீழே இறங்கியது. டீசல் இல்லை, அது வந்தால் சீப்பின் பல்லுப் போல வரிசையாக வருமாம். மண்ணெண்ணெயும் இல்லை. தன்னிடம் இருந்த மருந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். எதுவும் அந்த இடத்தில் வரவில்லை. பரல்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். இரைச்சலைத் துரத்தித் துரத்திக் கடைசியில் அக்காவின் கிணற்றுக்கு நாங்களே குழி வெட்டிவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே தாள்களைச் சுருட்டி வைத்தேன். வானம் வேறு கறுக்கத் தொடங்கியிருந்தது.

“அறிக்கை எழுத முன்னம் ஒருக்கா நானே போய்த் தண்ணி எடுக்கவேணும்,” என்றார் மிஸ். என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அக்கா தறப்பாளால் கூரை போட்ட கொட்டிலுக்குள்ளிருந்து ஓடிவந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தவர் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்கவில்லை. “இருங்கோ, இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்,” என்று சொல்லி, குடிக்கவென்று தெருமுனைக் குழாய்க்கிணற்றில் அள்ளி வைத்திருந்த தண்ணீரை இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். ஒரு மிடறு குடித்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

“என்னக்கா, தண்ணி கேட்டா தீர்த்தம் தாறியள்? கோயில் மணக்குது!”

“ஐயோ, அது சாமித் துணியால துடைச்ச டம்ளர் தம்பி. மற்றத் துணியெல்லாம் ஊத்தை. கற்பூரம் முடிஞ்சு வைச்ச துணி, கழுவினாலும் வாசம் போகுதில்லை.”

மிஸ் டம்ளரை அப்படியே கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு எழும்பினார்.

“அக்கா, நான் உங்களிட்டத் தந்த போத்தல்...”

“அதையும் நல்லாக் கழுவி, உள்ளுக்கும் துணியை விட்டுத் துடைச்சுத்தான் நிரப்பினனான் பிள்ளை.”

“கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாமெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனானல்லோ!”

“சொன்னனீங்கள்தான். அதுக்காகக் கழுவாத ஏனத்தில ஒருத்தருக்குத் தண்ணி குடுக்கிறதே? அதுவும் பெரிய இடத்துக்குப் போற தண்ணி. நாங்கள் கொட்டிலில இருந்தாலும் அந்தளவுக்குக் கெட்டுப் போகேல்லைப் பிள்ளை.”

மிஸ் சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றாக வந்தது. அந்தத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து வாங்கி, தான் கொண்டுவந்த போத்தலில் தானே தண்ணீர் அள்ளி, மூடியை இறுக்கினார். திரும்பும் வழியில் மழைத் துளி விழுந்தது. அந்தப் பாதையில் அவ்வளவு வேகமாக நானே ஓடியதில்லை.

துணித் துண்டு ஊறிய தண்ணீரை முதலில் விட்டார். பேனா நடந்தது. அந்த இடம் வந்தது. எழும்பியது! அதே பல், இப்போது யானைத் தந்தம் போல. பிறகு புதுப் போத்தல் தண்ணீர். விட்டு, விட்டு, திரும்பவும் விட்டு, தாள்களை அடுக்கிக் கண்ணாடியில் பிடித்தோம். ஒன்றுமில்லை. ‘ஒன்றுமில்லை’ என்பதைக் கண்ணால் கண்டு சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். கற்பூரத்தைக் கண்டுபிடித்தது நான் என்று ஊரில் பலர் சொல்லுவார்கள். அவர்களுக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

மிஸ் அறிக்கை எழுதிக் கொடுத்ததும் சிவப்புக் குறியை அக்கா சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மாரியிலேயே கிணற்றுக்கட்டுக்கு வெள்ளை அடித்தார். தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

இப்போது அந்த ஆய்வுகூடம் இல்லை. அந்த இடத்தில் போன் விற்கிறார்கள். புளியமரத்தடியில் வாகனம் நிறுத்துகிறார்கள். மிஸ் வெளிநாட்டில், இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலுக்குப் பேசுவார். அவருடைய இன்றைய மெசினில் பேனாவும் இல்லை, தாளும் இல்லையாம். அடுக்கிப் பார்ப்பதையெல்லாம் அது தானே செய்து முடித்துவிடுமாம். கரண்ட் வந்த பிறகு என் எருமையைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிப் போனார். ஹோர்ன்கள் போய்ப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. அவற்றில் உறுமலே கிடையாது. நான் உழவு மெசின், அதுதான் ட்ரக்டர், வாங்கி மண் ஏற்றினேன், இரண்டாவதும் வாங்கினேன். விழுந்தாலும் நிமிர்ந்துதான் விழுவேன்.

போன வருடம் முரசுமோட்டைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கொஞ்ச நாளில் பூரணம் அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, கொஞ்சம் மண் ஏத்தி வருவீரோ? கிணத்தை மூடவேணும்.”

நானே போனேன். அக்காவின் மகனுடைய பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது, கிணற்றுக்கட்டோ உயரம் குறைவு. கம்பிவலை போட்டு மூடலாம் அக்கா, நானே போட்டுத் தாறன் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அவர்...” என்று தொடங்கினேன்.

“அவர் வந்தா இனி ஆரையும் கேட்டு வருவார் தம்பி. எல்லாரிட்டையும் போன் கிடக்கு.”

மண்ணைக் கொட்டக் கொட்ட அவர் கிணற்றைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றுக்கட்டையும் இடித்து உள்ளேயே போட்டோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள், அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை மெதுவாக விட்டேன். எல்லாம் ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி இரும்புப் படலை. கடைசி வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். எத்தனையோ தரம் வந்த வீடு, எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுப் போன் எடுத்தேன்.

“அக்கா, உங்கட வீடு எது?”

“உமக்கு முன்னாலதான் தம்பி,” என்றார். “நீர் போறதையும் வாறதையும் பாத்துக்கொண்டு படலையில நிக்கிறன்.”